வலப்பக்கத்துக் கதவு

சென்னையிலிருந்து வந்தவர் தூணைத் தட்டிப் பார்க்கிறார் என்பது, சமையல்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த உலகம்மைக்கு அங்கிருந்தே தெரிந்தது. டொக் டொக் என்று இரண்டு தட்டு, பிறகு "அடடா!" வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தூணைத்தான் தட்டுவார்கள், சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. தட்டி என்னத்தைத் தெரிந்துகொள்கிறார்களோ. உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புக் காரை, அதைப் பளிங்கு என்று நம்பவைக்க மேலே ஒரு மெருகு. அவ்வளவுதான் அந்த ஆறு தூணும். ரயில்காரர்களுக்கு மரம் விற்றுப் பணக்காரரான கான்ட்ராக்டர் கட்டிய வீட்டில் தூண் மட்டும் மரத்தில் இல்லை. ஏனென்றால் படத்தில் இருந்தது கல்தூண். படம் என்றால், கான்ட்ராக்டருக்குப் பழக்கமான வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் வைத்திருந்த புத்தகத்தில் இருந்த படம். எங்கோ குளிர்தேசத்தில் ஒரு பிரபு தன் வயல்காட்டுக்கு நடுவில் கட்டிக்கொண்ட மாளிகை. பார்த்தார், பிடித்துப்போயிற்று, செம்பூரணியில் நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் அதை அப்படியே இறக்கிவைத்துவிட்டார். அந்த ஊரில் வெயிலுக்கு ஏங்குவார்கள், அதனால் அங்கே முகப்பு மேற்கே பார்த்தது. இந்த ஊரில் வெயிலைக் கண்டு ஓடுவார்கள், இங்கேயும் முகப்பு மேற்கேதான் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் நடுக்கூடத்தில் நின்றால் ரொட்டி அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். தூணின் தலையில் இலைகள் இருக்க வேண்டும் என்று படம் சொன்னது. என்ன இலை என்று அது சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்த வாழைப்பூ மடலைச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அதிலிருந்து ஒரு மடல் உதிர்ந்து போர்ட்டிகோவில் விழும். உலகம்மை அதைக் கூட்டி முறத்தில் அள்ளி முருங்கை மரத்தடியில் கொட்டுவாள். அந்த முருங்கை நன்றாகக் காய்க்கிறது. இந்த வீட்டின் அழகினால் யாருக்காவது பலன் உண்டு என்றால் அந்த முருங்கைக்குத்தான்.

"எங்க பூட்டன் கட்டினது சார்," என்றது அவள் கணவர் தாணுமூர்த்தியின் குரல். "இடப்பக்கம் என்ன இருக்கோ அதேதான் வலப்பக்கமும் இருக்கணும்னுட்டார். ஒரு நூல் மாறப்பிடாது."

"சிமெட்ரி சார், பெர்ஃபெக்ட் சிமெட்ரி! நடுவுல கோடு போட்டு மடிச்ச மாதிரி இருக்கு."

மடித்தால் மூச்சு முட்டும் என்று உலகம்மை பாலிடம் சொன்னாள். பால் பொங்க நேரமிருந்தது. வந்தவர் பெயர் ஹரிகோபால், கட்டடக்கலைப் பேராசிரியர், கதர் ஜிப்பா, கழுத்தில் கேமரா, கையில் சிவப்பு வெளிச்சம் அடித்து நீளம் அளக்கிற ஒரு சின்னக் கருவி. பழைய வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறாராம், இந்த வீட்டையும் அதில் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறார். காரை விட்டு இறங்கும்போதே, "மேடம், நீங்க ரொம்பக் கொடுத்துவச்சவங்க, இப்படி ஒரு வீட்ல வாழ்றீங்க," என்றார். அவள், "காபியா டீயா?" என்று கேட்டாள். இந்த மாதிரி ஆட்களிடம் வேறு எதைக் கேட்பது? கொடுத்துவைத்த வீட்டில் சமையல்கட்டே கிடையாது, தெரியுமோ அவருக்கு? படத்தில் சமையல்கட்டு இல்லை. பிரபுவுக்குப் பசிக்காது போலிருக்கிறது. கட்டி முடித்துக் கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்ச இடம் எங்கே என்று யாரோ கேட்ட பிறகுதான் கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தாராம். பிறகு பின்பக்கம் இந்த ஓட்டுக் கொட்டகையைப் போட்டு, வீட்டையும் இதையும் சேர்க்க ஒரு நீண்ட நடை கட்டினார்கள். நடுக்கூடத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கும்மட்டம் இருக்கிறது. அங்கே பேசுவதெல்லாம் மேலே போய் முட்டி, நடை வழியாக ஓடிவந்து இங்கே விழுந்துவிடும். சாப்பாடு இங்கிருந்து அங்கே போகிறது, பேச்சு அங்கிருந்து இங்கே வருகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த நடையில் அவள் கொண்டுபோனது சூடாகப் போய் ஆறியிருக்கிறது. அதில் வந்ததெல்லாம் ஆறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு எது வரும் என்று கேட்கத்தான் அடுப்பைச் சின்னதாக வைத்திருந்தாள். கேஸ் அடுப்பு உஸ்ஸென்றால் கூடக் காதில் விழாமல் போகலாம். விழாமல் போகக் கூடாது. தாணுமூர்த்தி இன்றைக்கு அதைச் சொல்கிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதாவது கதவுக் கதையை. காலையில் இட்லிக்கு உட்கார்ந்தபோதே சொல்லிவிட்டாள். "அந்தக் கதையை இந்த ஆள்கிட்டச் சொல்லாதீங்க." "எந்தக் கதை?" என்றார் அவர், தெரியாதவர்போல. "அதான், நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீயளே, அது." "ஏ, அது ஒரு தமாசுளா. வந்தவன் சிரிக்கட்டுமே." "சொன்னீங்கன்னா நான் போயிருவேன்." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எந்தக் கதவு வழியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரிப்பு ஒரு விக்கலோடு ஆரம்பிக்கும். ஹக் என்று ஒன்று, பிறகுதான் மற்றது. எந்தக் கதவு வழியாம். அந்த ஒரு கேள்விக்காகவே போயிருக்கலாம். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சொன்னால் போவேன் என்று சொல்லியாயிற்று, சொல்லட்டும். கட்டிலுக்கு அடியில் பை தயாராக இருக்கிறது: நாலு சேலை, ரத்த அழுத்த மாத்திரை, கண்ணாடிக்கூடு. பாளையங்கோட்டையில் கல்லூரிச் சிநேகிதி தெரஸ் பெண்கள் விடுதி நடத்துகிறாள். வார்டன் வேலைக்கு ஆள் வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "ஒரே ஒரு ரூம்டீ, ஜன்னல் ஒண்ணு, கதவு ஒண்ணு, உனக்குப் போதுமா?" என்று கேட்டாள் போனில். கதவு ஒன்று. அதைக் கேட்டதும் உலகம்மை "கதவு ஒண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள், இவள் அழுகிறாள் என்று தெரஸ் நினைத்துக்கொண்டாள். அழவில்லை. ஒரு அறைக்கு ஒரு கதவு என்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று நினைத்தாள், அவ்வளவுதான். நாலு மணிக்கு விலக்கில், ஊர்ப்பாதை மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில், பஸ். அவர் சொல்லாவிட்டால் பையைப் பிரித்துச் சேலைகளைத் திரும்ப அடுக்கிவைத்துவிடுவது, அதுவும் நியாயம்தான். நியாயத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இல்லை, அது பொய். சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நிற்கிறாள். இல்லை, அதுவும் முழுக்க நிஜமில்லை. ஒருவேளை சொல்லாமல் இருந்துவிட்டால், இத்தனை வருஷமும் தன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதுமாயிருந்தது என்றாகிவிடும். அதை எப்படித் தாங்குவது? இந்த நினைப்பு வந்ததும் பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்தாள்.

அது நடந்தது கல்யாணத்தன்று சாயங்காலம். "வலதுகால எடுத்து வச்சு வாம்மா" என்றார்கள், வலதுகாலை எடுத்து வைத்தாள். "வலதுகையால பிடி" என்றார்கள், பிடித்தாள். அன்றைக்கு முழுவதும் எல்லாமே வலது; வலப்பக்கம் உட்கார், வலமாகச் சுற்று, வலதுகையால் கொடு, வலதுகையால் வாங்கு. பிறகு மாமியார் ஒரு குத்துவிளக்கை ஏற்றிக் கையில் கொடுத்து, "உன் ரூமுக்குப் போயி விளக்க வை" என்றார். நடுக்கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். கூடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கதவு. ஒரே உயரம், ஒரே தேக்கு, ஒரே மாதிரிச் செதுக்கிய சட்டம், ஒரே பித்தளைக் குமிழ். எந்தக் கதவு என்று யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு, அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அவள் வலப்பக்கம் திரும்பினாள். வேறு எந்தப் பக்கம் திரும்புவாள்? கையில் விளக்கோடு போய்க் குமிழைத் திருகினாள். திரும்பவில்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. பழைய கதவு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துத் தோளையும் கொடுத்துத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் அறையில்லை. மாடிப்படியின் முதுகுதான் இருந்தது. இடப்பக்கம் ஒரு கதவு இருக்கிறதே, அதற்கு ஜோடியாக வலப்பக்கம் ஒன்று வேண்டும் என்று படம் சொன்னதற்காக, நல்ல தேக்கில் ஒரு கதவு செய்து சுவரில் பதித்து ஆணியடித்து வைத்திருந்தார் கான்ட்ராக்டர். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. கும்மட்டம் அந்தச் சிரிப்பை வாங்கி, இன்னொரு கூட்டம் மேலே உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி திருப்பிக் கொட்டியது. முதலில் சிரித்தது யார் என்பது மட்டும் அவளுக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், வெற்றிலை வாயர், அவராகத்தான் இருக்கும் என்று முதல் வருஷமே முடிவுசெய்துவைத்தாள். அவர் செத்தும்போய்விட்டார், பாவம், மறுக்க ஆளில்லை. கல்யாணத்துக்கு என்று கதவுக்கெல்லாம் வார்னிஷ் அடித்திருந்தார்கள், சரியாகக் காயவில்லை. அவள் உள்ளங்கை ஒட்டிக்கொண்டு பிரிந்தபோது சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவள் கைரேகை அப்படியே பதிந்து காய்ந்துவிட்டது. இப்போதும் இருக்கிறது. சாய்ந்த வெயில் படும்போது நெருங்கிப் பார்த்தால் ஐந்து விரலும் தெரியும். இதுவரை யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை.

இருவரும் இப்போது கும்மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். பேராசிரியர் ஒருமுறை கைதட்டிப் பார்த்தார், சத்தம் சுற்றிக்கொண்டு நடையில் வந்து உலகம்மையின் முகத்தில் அறைந்தது. "என்ன அக்கூஸ்டிக்ஸ் சார்! கச்சேரி வைக்கலாம்," என்றார். வைக்கலாம். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் ரகசியம் பேசினால் மறுநாள் காலையில் மாமனார் அதற்குப் பதில் சொல்வார். அதுவும் கச்சேரிதான். "மாடப்புறா அடையுமா சார்?" "அதெல்லாம் வராது சார், சுத்தமா வச்சிருக்கோம்." வச்சிருக்கோம். அவரும் சேர்ந்து ஏணி ஏறிப் புறா எச்சத்தைச் சுரண்டினாரோ? அவருக்கு இந்த வீட்டில் தெரிந்த வேலை ஒன்றுதான். தென்புறச் சுவரில் ஒரு பொய்ஜன்னல் இருக்கிறது. வடபுறத்தில் அவளுடைய அறை ஜன்னலுக்கு ஜோடி. சுவரில் ஜன்னல் மாதிரி வரைந்து, பச்சைப் பெயின்ட் அடித்து, பலகைகளுக்கு நிழல்கூடத் தீட்டியிருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தாணுமூர்த்தி பழைய வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த நிழலைத் தன் கையாலேயே தீட்டுவார். மெல்லிய பிரஷ். நாக்கு வெளியே நீட்டியிருக்கும். நிஜ ஜன்னலின் கொக்கி உடைந்து எத்தனை காலமாயிற்று? அவள் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிவைத்திருக்கிறாள். ஆடிக் காற்றில் இரவெல்லாம் அது அடித்துக்கொள்ளும். "கொக்கிய மாத்தணும்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் "பாப்போம்" என்பார். வரைந்த ஜன்னல் அடித்துக்கொள்வதில்லை, கொக்கி கேட்பதில்லை. அவருக்கு அதைத்தான் பிடிக்கும். சரி, அவரைச் சொல்கிறோமே, இவள் என்ன வாழ்ந்தது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டு இரண்டு கதவின் குமிழையும் விளக்குகிறாள். ஒன்றை விளக்கி ஒன்றை விட்டால் இரண்டும் வேறு வேறாகிவிடும், வீட்டின் அழகு போய்விடும். ஆயுதபூசைக்கு எல்லாக் கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அந்தக் கதவுக்கும் வைக்கிறாள். யாரும் திறக்காத கதவுக்குப் பொட்டு. அதைவிடக் கேவலம், மத்தியானத்தில் வீட்டில் யாருமில்லாத சமயங்களில், துடைக்கிற சாக்கில், இரண்டொரு தடவை தள்ளிப் பார்த்திருக்கிறாள். எதற்கு? என்ன எதிர்பார்த்தாள்? படி இறங்கிப் போக ஒரு தோட்டமா? தள்ளிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள், சமையல்கட்டில் திருடித் தின்ற பூனை மாதிரி. இந்த வீட்டைவிட அவளுக்குத் தன் மேல்தான் எரிச்சல் அதிகம். இல்லை, வீட்டின் மேல்தான். வீட்டுக்கு எரிச்சல் தெரியாது, அது ஒரு வசதி.

கதையும் வீட்டைப் போலவே கொத்தனார் வைத்து வளர்ந்தது. முதல் வருஷம் அவள் தள்ளியதோடு கதை முடியும். பையன் பிறந்தபோது, தட்டவும் தட்டினாள் என்று சேர்ந்தது. பிறகு ஒரு தீபாவளிக்கு, வந்திருந்த தாசில்தார் குடும்பத்தைச் சிரிக்கவைப்பதற்காக, அவர் கழுத்தைச் சாய்த்து, பயந்த பெண்குரலில், "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று புதிதாக ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரிக்குத்தான் சிரிப்பு அதிகம். அன்றிலிருந்து அது கதையின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது, கும்மட்டம் மாதிரி. அவள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தாள். "நான் எங்க பேசினேன்?" "சும்மா ஒரு சுவைக்குளா." புனேயில் இருக்கும் பையன் தன் பெண்டாட்டியிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னபோதும் அதே வரியைச் சொன்னான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, கண்ணால் பார்த்தவன்போலச் சொன்னான். அவள் பேசாத ஒரு வாக்கியம் அவளைவிட அதிக வீடுகளுக்குப் போய்வந்துவிட்டது.

டீயை மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இரண்டைத் தட்டில் வைத்தாள். நடை வழியாகப் போகும்போது மேற்கு வெயில் கூடத்தை நிரப்பி, நடையின் வாய்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. பேராசிரியரின் ஜிப்பா முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. இப்போது தெரிகிறதா கொடுத்துவைத்த வீடு? அவர் அந்தச் சின்னக் கருவியை இடப்பக்கத்துக் கதவில் அடித்து அளந்தார், திரும்பி வலப்பக்கத்தில் அடித்து அளந்தார். "ஒரு மில்லிமீட்டர் மாறலை சார்!" என்று கூவினார். பிறகு குமிழைப் பிடித்தார். வலப்பக்கத்துக் குமிழை. உலகம்மை நடை முடிகிற இடத்தில் அப்படியே நின்றாள். தட்டை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"திறக்கலையே சார்?"

"திறக்காது!" தாணுமூர்த்தியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவளுக்குத் தெரியும். இலைபோட்டு உட்கார்ந்தவன் பாயசம் வரும் வாளியைப் பார்க்கிற மலர்ச்சி. "அது பொய்க்கதவு சார். பின்னால சுவரு. இதுல ஒரு கதை இருக்கு, கேளுங்க."

சொல்லப்போகிறார். உலகம்மைக்கு உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்து லேசானது. பஸ் நேரம் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். பார்த்து, ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

"எங்க பூட்டன் காலத்துல சார், இந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வந்துச்சாம். கிராமத்துப் பிள்ளை, இந்த மாதிரி வீட்டையெல்லாம் கண்டதே கிடையாது. கல்யாணத்தன்னைக்குக் கையில விளக்கைக் கொடுத்து ரூமுக்குப் போன்னு சொல்லியிருக்காவ. அது நேரா இங்க வந்து தள்ளுது, தள்ளுது, தட்டுது. கடைசியில," அவர் கழுத்தைச் சாய்த்தார், "உள்ளே யாராவது இருக்கீங்களான்னு கேட்டுச்சாம்!"

ஹக். அவருடைய விக்கல் கும்மட்டத்தில் போய் முட்டி அவள் தலையில் இறங்கியது. கையில் தட்டு, முகத்துக்கு நேரே அதே கதவு, காதில் அதே ஹக். சித்தப்பா இல்லை. வெற்றிலை வாயில் ஹக் வராது. முதலில் சிரித்தது இவர்தான். இது இத்தனை நாளும் தெரியாததா, தெரிந்ததைத் தெரியாமல் வைத்திருந்ததா? செத்துப்போன ஒரு மனிதர்மேல் பழியைப் போட்டு, மனசுக்குள் அந்தச் சுவருக்கு முன்னால் தானும் நல்ல தேக்கில் ஒரு பொய்க்கதவு செய்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கிவைத்திருக்கிறாள். கான்ட்ராக்டரை ஏன் திட்ட வேண்டும்?

"பியூட்டிஃபுல்!" என்றார் பேராசிரியர். "இதைக் கண்காட்சிப் பலகையில போடணும் சார். அந்தப் பெண்ணோட பேர் தெரியுமா?"

"நூறு வருஷத்துக்கு முந்தி சார், பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

உலகம்மை தட்டை நீட்டினாள். "அந்தப் பிள்ளை நான்தான்," என்றாள். "இன்னும் சாகலை. டீ எடுத்துக்கோங்க."

பேராசிரியர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தாணுமூர்த்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க வீட்டம்மாவுக்குக் கிண்டல் ஜாஸ்தி சார். விட்டா பூட்டன் காலத்து ஆளே நான்தாம்பா." பேராசிரியரும் சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். தாணுமூர்த்தி தன் டம்ளரை எடுக்கும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி என்று நினைத்துக்கொண்டு, "உன்னைச் சொல்லலியே, பாத்தியா? சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்," என்றார். கும்மட்டம் அதை வாங்கிக் கூடம் முழுக்கச் சொன்னது. பேராசிரியருக்கும் கேட்டிருக்கும், ஆனால் அவர் அப்போது கேமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாராம். அவளை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டார். முதலில் நடக்காததை அவள் வாயில் வைத்தார், இப்போது நடந்ததை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பூட்டன் காலத்து மருமகளிடம் கொடுத்துவிட்டார். இதற்கு அந்தக் கேலியே பரவாயில்லை. கேலியிலாவது அவள் பெயர் இருந்தது. இப்படி மாற்றிச் சொன்னால் சொன்னதாகக் கணக்கா, சொல்லாததாகக் கணக்கா? இட்லித் தட்டுக்கு முன்னால் செய்த ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லையே என்று மனம் ஒரு நிமிஷம் நின்று தடுமாறியது. வக்கீல் மாதிரி ஒரு நிமிஷம். பிறகு அதற்கே சலித்துப்போயிற்று.

"மேடம், ஒரு சின்ன ஹெல்ப்," என்றார் பேராசிரியர். "கதவு எவ்வளவு பெரிசுன்னு தெரிய பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். நீங்களே நில்லுங்களேன். கதவுல ஒரு கை வச்சு. அந்தப் பொண்ணு மாதிரி."

"நில்லு, நில்லு," என்றார் தாணுமூர்த்தி. "பேப்பர்லகூட வரும்."

அவள் போய் நின்றாள். வெறும் தட்டு இடது கையில் இருந்தது, விளக்கு இருந்த கையில். வலதுகையைத் தூக்கி, தேடாமலே, அந்த இடத்தில் வைத்தாள். ஐந்து விரலும் ஐந்து விரலில் போய் உட்கார்ந்தன. கை கொஞ்சம் தடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் மரம் சூடாக இருந்தது. இத்தனை நெருக்கத்தில் கேமரா, இத்தனை வெளிச்சம், மில்லிமீட்டர் அளக்கிற ஆள். ஒருவேளை பார்ப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். "கொஞ்சம் ஓரமா மேடம், கதவை மறைக்குது," என்றார் அவர். அவள் கையை எடுத்தாள். இந்த முறை சத்தம் ஏதும் வரவில்லை. எதிரே தெரிந்தது இன்னொரு கதவு, ஜோடிக் கதவு, அவள் அறையின் கதவு. "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு மேடம்," என்றார். அந்த ஒண்ணே ஒண்ணுக்கும் நின்றாள். பிறகு கூடத்தைக் கடந்து போய், இடப்பக்கத்துக் குமிழைத் திருகி, உள்ளே போய், கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

அறையில் இன்னொரு கதவு உண்டு. வெளியே கொல்லையில் இருக்கும் குளியலறைக்குப் போக மாமனார் காலத்தில் சுவரை இடித்து வைத்தது. குனிந்துதான் போக வேண்டும், வேப்பமரப் பலகை, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கும். படத்தில் இல்லாத கதவு. அதற்கு ஜோடி கிடையாது. அதனால் வருகிற யாருக்கும் அதை அவர் காட்டியதில்லை. உலகம்மை தட்டைக் கட்டிலில் வைத்தாள். தட்டைப் போய்க் கட்டிலில் வைக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். பையை இழுத்து எடுத்தாள். அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சேலைக் கரையால் ஒருமுறை இறுக்கிக் கட்டினாள். பழக்கம். குனிந்து வெளியே வந்து, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, தென்புறச் சுவர் ஓரமாக நடந்தாள். பொய்ஜன்னலில் அவர் போன மாதம் தீட்டிய நிழல் அப்படியே பளபளவென்று இருந்தது. நிஜ வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்ததால் அந்த நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. இத்தனை வருஷம் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தாள்?

போர்ட்டிகோவுக்கு எதிரே பேராசிரியரின் கார் நின்றது. பெரிய கதவு திறந்திருந்தது, கூடத்தின் பேச்சு அப்படியே வெளியே வந்தது.

"உலகு, சார் கிளம்புதாரு. வா." தட்டல். "ஏ உலகு." மறுபடி தட்டல், கொஞ்சம் பலமாக. தள்ளுகிற சத்தம். தாழ்ப்பாள் மட்டும் கடகடத்தது.

"இதுவும் பொய்க்கதவா சார்?" என்றார் பேராசிரியர்.

உலகம்மை கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். ஹக் வருகிறதா என்று காது கொடுத்தாள். வரவில்லை. வாழைப்பூ மடல்களுக்கு நடுவில் ஒரு அணில் ஓடியது, கொஞ்சம் காரை உதிர்ந்தது. பிறகு கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. கழுத்தைச் சாய்த்திருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது, மெல்லிய, பயந்த குரல். தாசில்தார் குடும்பத்தைச் சிரிக்கவைத்த அதே குரல்தான், ஆனால் இதைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"உள்ளதான இருக்க?"

அவர் நன்றாகத்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பையைக் கை மாற்றி வலதுகையில் பிடித்தாள். பிறகு வேண்டுமென்றே இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, தென்னந்தோப்பு வழியாக விலக்கைப் பார்த்து நடந்தாள்.